தெர்மாகோல் ஏன் உருகியது? ஆசையாகக் கட்டிய மாடலைக் கெடுக்கும் பெயின்ட் சண்டை!

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் வடலூர் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து நெய்வேலிப் பக்கம் போனால், நெல்லும் கரும்பும் பார்த்த கண்ணுக்குத் திடீரென இன்னோர் உலகம் தெரியும். பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். அதற்குள் நிற்கும் பக்கெட் வீல் இயந்திரம். ராட்டினம் போன்ற பெரிய சக்கரம், அதைச் சுற்றிலும் மண்ணை அள்ளும் வாளிகள், பின்னால் நீளமான கன்வேயர். 1956-ல் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பட்டு, 1961-ல் முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டதிலிருந்து, இந்த இயந்திரங்கள்தான் அந்த ஊரின் முகம்.

அந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மாடல் செய்யச் சொன்னால், முதலில் மனதுக்கு வருவதும் அதுவாகத்தான் இருக்கும். தெர்மாகோல் அட்டை, ஐஸ் குச்சி, பேப்பர் கப், ஃபெவிகால். ஒரு வாரம் உட்கார்ந்து கட்டியாகிவிட்டது. வெள்ளையாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? பைக் உதிரிபாகக் கடையிலிருந்து ஒரு ஸ்ப்ரே பெயின்ட் டின் வருகிறது. நன்றாகக் குலுக்கி, "புஸ்ஸ்" என்று ஓர் அடி.

"அப்பா! இங்க ஓட்டை விழுதுப்பா!"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, இன்னொரு கோட்டு அடி."

இரண்டாவது கோட்டில் பாதி இயந்திரம் காணாமல் போய்விடும். சக்கரம் இருந்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் சுருங்கிய ஒரு பிசின். கண்காட்சியோ மறுநாள் காலை.

இது எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய கதை. பெயின்ட் மட்டமானது என்று அப்பா கடைக்காரரைத் திட்டுவார், நீ கிட்டே வைத்து அடித்துவிட்டாய் என்று அம்மா அப்பாவைத் திட்டுவார். உண்மையில் பெயின்ட் நல்ல பெயின்ட்தான், தெர்மாகோலும் நல்ல தெர்மாகோல்தான். இரண்டையும் சேர்த்தது மட்டும்தான் தப்பு.

தெர்மாகோலும் ஏரோப்ளேன் கிட்டும் ஒரே ஜாதி

தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். அதைக் காற்றடைத்து உப்ப வைத்திருக்கிறார்கள். ஓர் அட்டையில் சுமார் 98 சதவிகிதம் வெறும் காற்றுதான். ஸ்ப்ரே பெயின்டில் இருக்கும் அசிட்டோன், டொலுயீன் மாதிரியான கரைப்பான்கள் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். காற்றைச் சுற்றியிருந்த மெல்லிய சுவர் கரைந்ததும் மொத்தமும் பொலபொலவென்று உட்கார்ந்துவிடுகிறது. நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டு சொட்டு விட்டாலும் இதே கதிதான். ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால் தெறிக்கும் எண்ணெய்கூடத் தெர்மாகோலில் குழி போடும். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டில் முயன்று பாருங்கள், குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

இங்கேதான் ஒரு சுவாரஸ்யம். பெரியவர்கள் ஆசை ஆசையாக வாங்கிக் கட்டுகிறார்களே விமானம், கப்பல், டாங்கி, கார் மாடல் கிட்டுகள், அவையும் பெரும்பாலும் அதே பாலிஸ்டைரீன்தான். காற்றில்லாமல் கெட்டியாக வார்க்கப்பட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் அது ஓட்டை விழுந்து உட்காராது. ஆனால், மேல்தோல் இளகும். இறக்கையில் முடியளவு செதுக்கியிருக்கும் கோடுகளும் ஆணிப் புள்ளிகளும் மழுங்கிப்போகும். சில சமயம் பரப்பு முழுக்கச் சிலந்தி வலைபோல வெடிப்பு விடும்.

இந்தப் பொழுதுபோக்குக்கு வயது அதிகம். இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் 1939-ல் தொடங்கப்பட்ட நிறுவனம். ஜப்பானின் ஷிசுவோகா நகரில் இருக்கும் தமியா, 1946-ல் மரம் விற்கும் கம்பெனியாகத் தொடங்கி, மர மாடல்களுக்கு மாறி, பிறகு பிளாஸ்டிக்குக்கு வந்தது. 1965 போரில் இந்திய விமானப்படை பறக்கவிட்ட நாட் விமானம் ஏர்ஃபிக்ஸ் கிட்டாக வந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் ஓய்வுபெற்ற மிக்-21 விமானத்துக்கு ஏகப்பட்ட கிட்டுகள் உண்டு. ஜெர்மனியின் ராட்சத பக்கெட் வீல் இயந்திரத்தை 200-ல் ஒரு பங்காகச் சுருக்கி ரெவெல் நிறுவனம் ஒரு கிட் வெளியிட்டிருக்கிறது. ஹாம்பாக் சுரங்கத்துக்காக 1978-ல் கட்டிய பேகர் 288 இயந்திரத்தின் நீளம் மட்டும் சுமார் 220 மீட்டர். அந்த அளவை 200-ல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் வீட்டு டைனிங் டேபிளில் ஒரு மீட்டருக்கு மேல் நீளும். நெய்வேலிக்காரர் யாராவது அதைக் கட்டினால் வீட்டில் சோறு எங்கே போடுவார்கள் என்பது தனிப் பிரச்னை.

கிட்டை ஆன்லைனில் வரவழைத்துவிடலாம். பெயின்ட்தான் சிக்கல். எனாமலும் லாக்கரும் எளிதில் தீப்பிடிப்பவை. விமானத்தில் சாதாரண பார்சலாக அனுப்ப முடியாது. மாடலுக்கென்றே தயாரான வெளிநாட்டு பெயின்ட் பெரிய நகரங்களில் சில கடைகளில் கிடைக்கலாம், அதுவும் கேட்ட நிறம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சின்ன ஊர்க்காரர் என்ன செய்வார்? ஹார்டுவேர் கடையில் ஒரு குட்டி எனாமல் டப்பா. ஸ்டேஷனரி கடையில் துணிக்கு அடிக்கும் அக்ரிலிக் பாட்டில். டிங்கரிங் பட்டறையில் கெஞ்சி வாங்கிய கார் பெயின்ட் கொஞ்சம். மூன்று கடை, மூன்று வேதியியல். மூன்றும் ஒரே இறக்கையின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போதுதான் சண்டை ஆரம்பிக்கிறது.

மூன்று குடும்பம், மூன்று குணம்

பெயின்ட் காய்வது என்றால் தண்ணீர் காய்வது மாதிரி என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு விதமாகக் காய்கிறது. சண்டைக்குக் காரணமே அதுதான்.

முதலில் லாக்கர். டிங்கரிங் பட்டறைகளில் என்.சி. பெயின்ட், என்.சி. தின்னர் என்று சொல்வார்களே, அந்தக் குடும்பம். பெரும்பாலான ஆட்டோமொபைல் ஸ்ப்ரே டின்களும் இதற்குச் சொந்தம்தான். தின்னர் ஆவியாகிப் போனதும் மிஞ்சுவது பெயின்ட். பத்து நிமிடத்தில் தொட்டால் ஒட்டாது. ஆனால், ஒரு விஷயம்: எத்தனை வருடம் கழித்து அதே தின்னரை ஊற்றினாலும் திரும்பக் கரையும். குடும்பத்திலேயே முரட்டு ஆள் இவர். இவருடைய தின்னர் மற்றவர்களையும் கரைக்கும், பிளாஸ்டிக்கையும் கடிக்கும்.

அடுத்து எனாமல். கதவு, ஜன்னல், கேட்டுக்கு அடிக்கும் எண்ணெய் பெயின்ட். டர்பன்டைனில் இளக்குவார்கள். இதில் டர்பன்டைன் ஆவியாவது பாதி வேலைதான். மீதிப் பாதியில், எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெள்ள மெள்ளப் பின்னிக்கொண்டு இறுகுகிறது. தொட்டால் ஒட்டாமல் இருக்கச் சில மணி நேரம் போதும். உள்ளுக்குள் முழுசாக இறுகப் பல நாள் ஆகும். இந்த இடைவெளியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மாடல்கள் கெடுவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

மூன்றாவது, தண்ணீரில் இளகும் அக்ரிலிக். துணி பெயின்ட், கைவினைப் பொருள் பெயின்ட், சுவர் எமல்ஷன் எல்லாம் இதே வகையறா. தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துளிகள், தண்ணீர் போனதும் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. ஒருமுறை காய்ந்துவிட்டால் தண்ணீரில் கரையாது. சாது. நாற்றமும் குறைவு. சிறு பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடிய ஒரே குடும்பம் இதுதான்.

இப்போது சண்டைக் காட்சி. எனாமல் அடித்து இரண்டு நாள் ஆகிவிட்டது. பளபளவென்று காய்ந்த மாதிரி இருக்கிறது. மேலே ஸ்ப்ரே டின்னால் லாக்கர் ஒரு கோட்டு. முதல் அரை நிமிடம் அற்புதமாக இருக்கும். அப்புறம் கண் முன்னாலேயே பரப்பு உப்பி, வயதானவர் கைத்தோல்போலச் சுருங்கும். முரட்டுத் தின்னர் மேல்தோல் வழியாக இறங்கி, பாதி இறுகிய எனாமலை ஊற வைக்கிறது. ஊறிய எனாமல் விரிகிறது. விரிய இடமில்லை, அதனால் மடிகிறது. ஒரு மாத வேலை, ஒரு நிமிடத்தில்.

எனாமலின் மேல் எனாமலே அடித்தாலும்கூட இது நடக்கும் என்பதுதான் பலருக்கும் புரியாத புதிர். பல ஸ்ப்ரே டின்களின் முதுகில், இரண்டாவது கோட்டை இத்தனை மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், இல்லையென்றால் இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். யாரும் படிப்பதில்லை. முதல் சில மணி நேரத்தில் அடித்தால் இரண்டு கோட்டும் சேர்ந்து இறுகிவிடும். முழுசாக இறுகிய பிறகு அடித்தால் கீழ்க் கோட்டு அசையாது. இடைப்பட்ட காலத்தில் அடித்தால்தான் சுருக்கம். அவசரக்காரர் தப்பித்துவிடுவார், ரொம்பப் பொறுமைசாலியும் தப்பித்துவிடுவார். நடுவில் "காய்ஞ்சிருக்குமே" என்று தொட்டுப் பார்த்து அடிப்பவர்தான் மாட்டுவார்.

தலைகீழாகப் போனால் பிரச்னை இல்லை. கீழே லாக்கர், நன்றாகக் காய்ந்த பின் அதன்மேல் அக்ரிலிக் அல்லது எனாமல். தண்ணீரோ டர்பன்டைனோ லாக்கரைச் சீண்டாது. அதேபோல் நன்கு காய்ந்த அக்ரிலிக்கின் மேல் டர்பன்டைனில் கரைத்த எனாமலைத் தண்ணிபோலத் தடவி, அழுக்கும் துருவும் படிந்த தோற்றம் கொண்டுவருவது மாடல் கட்டுபவர்களின் அன்றாட வேலை. பிடிக்கவில்லையென்றால் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்துவிடலாம், கீழே அக்ரிலிக் அப்படியே இருக்கும். முரடர் முதலில், சாதுக்கள் பிறகு என்பதுதான் கணக்கு.

எனாமலின் மேல் அக்ரிலிக் அடிக்கலாமா என்றால், அது வேறு மாதிரிச் சிக்கல். கரைக்காது, ஆனால் ஒட்டாது. பளபளப்பான எனாமலின் எண்ணெய்த் தன்மையில் தண்ணீர் பெயின்ட் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும். எப்படியோ காய்ந்தாலும் நகத்தால் சுரண்டினால் பட்டையாக வரும். எனாமல் முழுசாக இறுகும்வரை விட்டு, மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பைப் போக்கிவிட்டு அடித்தால் பிடிக்கும்.

தின்னரில் இன்னொரு பொறி இருக்கிறது. டப்பாவில் 'அக்ரிலிக்' என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றல்ல. தமியாவின் வழக்கமான அக்ரிலிக், ஆல்கஹால் கலந்த தின்னரில் அழகாக இளகும். ஸ்பெயினின் வயெஹோ போன்ற தண்ணீர்வழி அக்ரிலிக்கில் அதே தின்னரை ஊற்றினால், எலுமிச்சை பிழிந்த பால்போலத் திரிந்து, ரப்பர் ரப்பராகத் தொங்கும். ஏர்பிரஷ்ஷுக்குள் அது நடந்துவிட்டால் பிரித்துக் கழுவவே அரை நாள் போய்விடும்.

பெயின்ட் மேல் பழி, குற்றவாளி வேறு

சில நேரம் பெயின்டுக்கும் பெயின்டுக்கும் சண்டையே இருக்காது. ஆனாலும் உரியும். கிட் தயாராகும்போது அச்சிலிருந்து பிளாஸ்டிக் சுலபமாகக் கழன்று வர, அச்சில் ஒரு வழவழப்புப் பொருளைப் பூசுவார்கள். அது பாகங்களின் மேல் கொஞ்சம் தங்கிவிடும். நம் கை எண்ணெயும் சேர்ந்துகொள்ளும். பாத்திரம் கழுவும் சோப்பு நான்கு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத் பிரஷ். கழுவிக் காயவைத்த பிறகு பெயின்ட் அடித்தால் பாதிப் புகார்கள் காணாமல் போகும். காபிக்குக் கொதித்த தண்ணீரில் போடக் கூடாது, இறக்கை வளைந்துவிடும்.

விமானத்தின் மேல் ஒட்டும் எண், சின்னம் எல்லாம் தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி வைக்கும் டீக்கல்கள். அவற்றைச் சுற்றிலும் வெள்ளி மாதிரி ஒரு மினுமினுப்பு தெரிந்து, ஸ்டிக்கர் ஒட்டியதுபோல அசிங்கமாகிவிடும். டீக்கல் மட்டம் என்று நினைப்போம். மேட் பெயின்டின் பரப்பு நுண்ணிய மேடு பள்ளம், டீக்கலுக்கு அடியில் காற்று சிக்கிக்கொண்டு ஒளியைச் சிதறடிக்கிறது. முதலில் பளபளப்பான வார்னிஷ், அதன்மேல் டீக்கல், கடைசியில் மேட் வார்னிஷ் என்று வரிசையை மாற்றினால் தீர்ந்தது. அந்த வார்னிஷ்களும் மேலே சொன்ன மூன்று குடும்பத்தில் ஏதோ ஒன்றைச் சேர்ந்தவைதான் என்பதை மறந்து, ஸ்ப்ரே டின் லாக்கரைக் கடைசிக் கோட்டாக அடித்து மொத்தத்தையும் இழப்பவர்கள் உண்டு. எல்லா வேலையும் முடிந்து, போட்டோ எடுக்க வேண்டியதுதான் பாக்கி என்ற நேரத்தில் நடப்பதால், இந்த இழப்புதான் ரொம்ப வலிக்கும்.

வானிலைக்கும் பங்கு உண்டு. கடலூர் மாவட்டத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வெள்ளாற்றில் தண்ணீர் புரளும், வீராணம் நிரம்பும், வீட்டுக்குள் உப்பு டப்பாவே கசியும். அந்த ஈரத்தில் லாக்கர் அடித்தால், தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, கறுப்பு பெயின்ட் திருநீறு பூசிய மாதிரி வெளுத்துவிடும். டிங்கரிங் பட்டறைக்காரர்கள் மழை நாளில் கார் பெயின்டைத் தள்ளிப்போடுவது சோம்பலால் அல்ல. மே மாதம் இதற்கு நேர்மாறு. தூவிய பெயின்ட் மாடலைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து, மணல் தூவியதுபோலச் சொரசொரவென்று உட்காரும். நம் ஊரில் வெயில் ஏறுவதற்கு முந்தைய காலை நேரம்தான் பெயின்டுக்கு நல்ல நேரம், அதுவும் மழை இல்லாத நாளில்.

கொலு பொம்மைக்கும் இதே கதைதான்

"எங்க வீட்ல யாரும் ஏரோப்ளேன் கட்டலையே" என்று நினைப்பவர்கள், பரணில் இருக்கும் கொலுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாட்டி காலத்து மண் பொம்மைகளில் மூக்கு உரிந்திருக்கும், புடவைக் கரை போயிருக்கும். நவராத்திரிக்கு முந்தின வாரம், மிச்சமிருக்கும் கேட் பெயின்டை எடுத்து அடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள்.

கடலூர் வண்டிப்பாளையம், பண்ருட்டி என்று இந்த மாவட்டமே பொம்மைக்குப் பேர் போனது. மண் பொம்மையும் காகிதக்கூழ் பொம்மையும் பிளாஸ்டிக் கிட்டைப்போல் அல்ல, அவை ஈரத்தை உறிஞ்சி, வெளியேவிடும். மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்த மண் பொம்மைக்கு மேலே காற்றுப் புகாத எனாமலைக் கெட்டியாகப் பூசிவிட்டால், உள்ளே இருக்கும் ஈரம் வெயில் காலத்தில் வெளியே வர வழி தேடும். பெயின்டைக் கொப்புளமாகத் தள்ளிக்கொண்டுதான் வரும். அடுத்த வருடம் பெட்டியைத் திறந்தால் முருகனின் முகம் துணியில் ஒட்டிக்கொண்டு தனியாக வரும்.

பழைய பொம்மைகள் பலவற்றிலும் பசையில் குழைத்த வண்ணப்பொடி பூசி, அதன்மேல் வார்னிஷ் அடித்திருப்பார்கள். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் வார்னிஷ் விட்ட இடங்களில் வண்ணமே கரைந்து வந்துவிடும். தின்னர் தொட்டுத் துடைத்தால் வார்னிஷ் இளகும், அடியில் இருப்பதும் சேர்ந்து கலங்கும். ஆகவே உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, உரிந்த இடத்துக்கு மட்டும் தண்ணீர்வழி அக்ரிலிக்கை மெல்லிய கோட்டாகத் தொட்டுவைப்பதுதான் பாதுகாப்பு. முழு பொம்மைக்கும் புது பெயின்ட் அடித்தால் புதிதாகத் தெரியும்தான். பாட்டி வாங்கிய முகம் அதோடு போய்விடும். கண்ணை மட்டும் வீட்டில் யாரும் தொடாமல், பொம்மைக்காரரிடமே கொடுத்துவிடுவது உத்தமம்.

விநாயகர் சதுர்த்திச் சிலைகளில் பெயின்ட் கேள்வி வீட்டைத் தாண்டி ஏரிக்கே போகிறது. நீர்நிலையில் கரைக்கும் சிலைகளுக்கு நச்சுத்தன்மையுள்ள ரசாயன பெயின்ட் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் திருத்திய வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. கரைய வேண்டிய மண்ணைக் கரையாத எண்ணெய்ப் படலத்தில் சுற்றினால், சிலையும் சரியாகக் கரையாது.

வீட்டுக் கேட்டுக்கும் இந்தச் சண்டை வருவதுண்டு. புது ஜி.ஐ. ஷீட்டில் நேரடியாக எனாமல் அடித்தவர்களுக்குத் தெரியும், ஒன்றிரண்டு வருடத்தில் அப்பளம்போல உரிந்து வரும். தகரத்தின் மேலிருக்கும் துத்தநாகம் ஈரத்தோடு சேர்ந்து காரத்தன்மையை உண்டாக்குகிறது. காரமும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன வரும்? சோப்பு! பெயின்டுக்கு அடியில் மெல்லிய சோப்புப் படலம் உருவாகிப் பிடிப்பு விட்டுப்போகிறது. ஈரம் காயாத புதுச் சிமென்ட் சுவரில் எண்ணெய் பெயின்ட் நிற்காததற்கும் இதே சோப்புதான் காரணம். ஜி.ஐ. ஷீட்டுக்கென்று தனி பிரைமர் கேட்டு வாங்குவது கடைக்காரரின் வியாபார தந்திரம் அல்ல.

மூச்சுக்கும் ஒரு விலை

கெட்டது மாடல் என்றால் இன்னொன்று வாங்கலாம். கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. தின்னர் ஆவி தலைவலியும் மயக்கமும் தரும், அடிக்கடி சுவாசித்தால் நரம்பையும் பாதிக்கும். மின்விசிறியை நிறுத்தி, தூசி வரக் கூடாதென்று ஜன்னலையும் சாத்திக்கொண்டு ஸ்ப்ரே அடிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கொரோனா காலத்து என்-95 மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரித்தூள் வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். மொட்டை மாடியோ திறந்த வாசலோதான் சரியான இடம். சமையலறைப் பக்கம் கூடவே கூடாது, அந்த ஆவிக்கு ஒரு பொறி போதும். கைக்குழந்தையும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் லாக்கரை மறந்துவிட்டு அக்ரிலிக்கோடு இருந்துவிடலாம்.

பழைய பெயின்டைச் சுரண்டும்போதும் எச்சரிக்கை. வீட்டு உபயோக பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மஞ்சள், சிவப்பு எனாமல்களில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பழைய மரக்குதிரையையோ தொட்டிலையோ உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பினால் அது குழந்தையின் கைக்கும் வாய்க்கும்தான் போகும். ஈர உப்புத்தாளால் தேய்த்து, சேறாக வரும் பெயின்டைப் பழைய துணியில் துடைத்துக் கட்டிப் போட வேண்டும்.

கெட்டுப்போச்சே, இனி என்ன?

சுருங்கிய எனாமலின் மேல் இன்னொரு கோட்டு அடித்து மூடிவிடலாம் என்று கை பரபரக்கும். மேலும்தான் சுருங்கும். ஒரு வாரம் அப்படியே விட்டுவிடுங்கள். முழுசாக இறுகியதும் ஈர உப்புத்தாளால் மேடுகளைத் தேய்த்துச் சமமாக்கலாம், சின்ன இடமென்றால் இது போதும்.

மொத்தமும் போய்விட்டால் கழற்றத்தான் வேண்டும். அக்ரிலிக்கைக் கழற்ற ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் உதவும். சானிடைசர் வாங்கிய நாட்களில் நமக்கெல்லாம் பழக்கமான பெயர்தான். அதில் பாகத்தை ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் பெயின்ட் வரும், பாலிஸ்டைரீன் தப்பிக்கும். எரியும் திரவம் என்பதால் அதற்கும் அடுப்பு ஆகாது. என்.சி. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டையும் தொடாதீர்கள். பெயின்டோடு இறக்கையும் சேர்ந்து கரையும்.

தெர்மாகோல் இயந்திரத்துக்கு வருவோம். கண்காட்சிக்கு முந்தின நாள் அதற்கு வண்ணம் வேண்டுமென்றால் போஸ்டர் கலரோ, அக்ரிலிக்கோ, மிச்சமிருக்கும் சுவர் எமல்ஷனோ போதும். ஸ்ப்ரே பளபளப்புதான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து தெர்மாகோல் முழுக்க, மூலை முடுக்கு விடாமல் இரண்டு முறை பூசி ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். காலையில் ஒரு அடி தள்ளி நின்று, பனி தூவுவதுபோல் லேசாக அடித்தால் பெரும்பாலும் தாங்கும். பசை படாத ஒரு பொட்டு இடம் இருந்தால், அந்த இடத்தில் மட்டும் குழி விழும்.

பிளாஸ்டிக் கிட் கட்டுபவருக்கோ சோதனைக்கூடம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பாகங்களை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் சட்டத்தைக் குப்பையில் போடாதீர்கள், அது அதே பிளாஸ்டிக். மாடலில் எந்த வரிசையில் அடிக்கப் போகிறீர்களோ, அதே வரிசையில் சட்டத்தில் ஒரு நாள் முன்னதாக அடித்துவாருங்கள். எந்தக் கடை பெயின்ட், எத்தனை மணிக்கு அடித்தது என்று ஒரு துண்டுச் சீட்டையும் அதில் ஒட்டிவிடுங்கள். சுருங்கினால் சட்டம்தானே போகும். கொலு பொம்மைக்குச் சட்டம் கிடையாது, திருப்பிப் போட்டால் அடிப்பாகம் இருக்கிறது. அங்கே ஒரு பொட்டு வைத்து ஒரு வாரம் பாருங்கள்.